நர்சிங் மாணவர்களை மற்றத் துறையினரோடு சேர்ந்து வேலை செய்யப் பழக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நர்சிங் கல்லூரி ஆசிரியர்களும், வார்டில் மாணவர்களைக் கவனித்துக்கொள்ளும் சீனியர் நர்ஸ்களும் வழக்கமாகக் கேட்கிற கேள்விகள் இவை. ஒன்றிரண்டு மாணவர்கள் கேட்டவை. பதில்களில் என் சாய்வு தெரியும்: நடுவில் ஒரு நோயாளி இல்லாமல் நடக்கிற கூட்டு வகுப்புகளில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது.

கூட்டுக் கற்றல் என்று எதைச் சொல்கிறீர்கள்?

உலக சுகாதார நிறுவனம் 2010இல் இதற்கென்று ஒரு செயல்திட்ட ஆவணம் வெளியிட்டது. அதன் விளக்கத்தைச் சுருக்கினால் இப்படி வரும்: இரண்டோ அதற்கு மேற்பட்டோ துறைகளின் மாணவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரோடு ஒருவர் சேர்ந்து கற்பது. நன்றாக ஒத்துழைத்து நோயாளியின் நலனைக் கூட்டுவதுதான் நோக்கம். மூன்றும் நடக்க வேண்டும். பார்மசிஸ்ட் ஒருவர் நர்சிங் வகுப்புக்கு வந்து ஒரு மணி நேரம் பாடம் எடுத்துவிட்டுப் போவது நல்லதுதான், ஆனால் அது விருந்தினர் சொற்பொழிவு.

மருத்துவ மாணவர்களும் நர்சிங் மாணவர்களும் ஒரே ஹாலில் உடற்கூறியல் கேட்கிறார்கள். அது போதாதா?

போதாது. முன்வரிசையில் ஒரு கூட்டம், பின்வரிசையில் ஒரு கூட்டம், மணி அடித்ததும் தனித்தனி வாசல். பக்கத்தில் உட்கார்ந்தவர் என்ன படிக்கிறார், வார்டில் அவருக்கு என்ன வேலை என்பதே தெரியாமல் ஒரு வருடம் ஓடிவிடும். சில சமயம் இது கெடுதலாகவும் முடியும். தேர்வு ஒன்று, மதிப்பெண் பட்டியல் ஒன்று என்று ஆகிவிட்டால் ஒப்பீடுதான் மிஞ்சும்.

இது இப்போது வந்த மோகமா?

இல்லை. அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் 1972இலேயே சுகாதாரக் குழுவுக்கான கல்வி பற்றி மாநாடு கூட்டி அறிக்கை கொடுத்தது. பிரிட்டனில் இதற்கென ‘கேய்ப்’ என்ற அமைப்பு 1987இல் தொடங்கியது. 1988இல் உலக சுகாதார நிறுவனத்தின் முதல் பெரிய அறிக்கை வந்தது. சுவீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகம் 1986 முதலே தன் மருத்துவ, நர்சிங், பிசியோதெரபி மாணவர்களைச் சேர்த்து உட்காரவைத்தது. பத்து ஆண்டு கழித்து, 1996இல், மாணவர்களே சேர்ந்து நடத்தும் ஒரு பயிற்சி வார்டைத் திறந்தது. மேற்பார்வை உண்டு, ஆனால் குளிப்பாட்டுவதிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் திட்டம்வரை மாணவர் குழுவின் பொறுப்பு. என்னைக் கேட்டால், இந்தத் துறையில் இதுவரை வந்த யோசனைகளில் ஆகச் சிறந்தது அதுதான்.

இத்தனை வருடமாகியும் பல கல்லூரிகளில் இது ஏன் தொடக்க நிலையிலேயே நிற்கிறது என்பதற்கான பதில் பெரும்பாலும் டைம்டேபிளில் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எந்த ஆண்டில் ஆரம்பிப்பது?

இதில் இரண்டு கட்சி உண்டு. முதலாண்டிலேயே தொடங்காவிட்டால் ‘டாக்டர்னா இப்படி, நர்ஸ்னா இப்படி’ என்ற எண்ணம் கெட்டிப்பட்டுவிடும் என்கிறது ஒன்று. தன் தொழிலே இன்னும் பிடிபடாத பிள்ளை அடுத்தவர் தொழிலைப் பற்றி என்ன கற்கும் என்கிறது மற்றொன்று. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த எண்ணங்களை மாணவர்கள் கல்லூரிக்குள் நுழையும்போதே கொண்டுவருகிறார்கள். அதனால் முதலாண்டில் அறிமுகம் மட்டும் போதும்: யார் யார், என்ன படிக்கிறார்கள், என்ன செய்யச் சட்டம் அனுமதிக்கிறது. கையில் ஒரு கேஸைக் கொடுத்துச் சேர்ந்து வேலை வாங்குவதை முதல் வார்டு போஸ்டிங் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இரவு டியூட்டியாவது பார்த்த மாணவியிடம்தான் மேசையில் வைக்க ஏதாவது இருக்கும்.

பாடத்திட்டத்தில் என்ன இருக்க வேண்டும்?

அமெரிக்காவில் நர்சிங், மருத்துவம், பார்மசி, பல் மருத்துவம், பொதுச் சுகாதாரம் முதலான துறைகளின் கல்வி அமைப்புகள் கூடி 2011இல் நான்கு தலைப்புகள் வகுத்தன: மதிப்பும் அறநெறியும், யாருக்கு என்ன பொறுப்பு, பேச்சுத் தொடர்பு, குழுவாக இயங்குதல். கனடாவின் 2010 சட்டகத்தில் ஆறு உண்டு. அதில் முரண்பாட்டைத் தீர்ப்பதும் தனித் தலைப்பாக இருக்கிறது. எனக்குக் கனடாக்காரர்கள் செய்தது பிடித்திருக்கிறது. சண்டையே வராத குழு என்று ஒன்று கிடையாது. வரும்போது என்ன செய்வது என்பதைப் பாடமாக வைக்காவிட்டால் மாணவர்கள் ‘வாயை மூடிக்கொள்வது’ என்ற வழியைத் தாங்களாகவே கற்றுக்கொள்வார்கள்.

ஒரு நல்ல கூட்டு வகுப்பு எப்படி இருக்கும்? உதாரணம் சொல்லுங்கள்.

ஐந்து மாணவர்கள்: நர்சிங், மருத்துவம், பார்மசி, பிசியோதெரபி, உணவியல். ஒரு நோயாளி, கற்பனைதான்: 66 வயது ஆண், பக்கவாதம் வந்து ஐந்தாம் நாள், வலப்பக்கம் பலவீனம், விழுங்குவதில் சிரமம், மூக்கு வழியாக உணவுக்குழாய் போட்டிருக்கிறது. இதுவரை எல்லாருக்கும் தெரியும். இதற்கு மேல் ஒவ்வொருவர் கையிலும் வேறு வேறு காகிதம்.

மருத்துவ மாணவரிடம் ஸ்கேன் ரிப்போர்ட்டும் மருந்துச் சீட்டும். இரண்டு நாளில் டிஸ்சார்ஜ் என்று எழுதியிருக்கிறது. சீட்டில் மெட்டோபிரோலால் என்ற இரத்த அழுத்த மாத்திரை இருக்கிறது, மெதுவாகக் கரையும் வகை. நர்சிங் மாணவியிடம் இரவு டியூட்டிக் குறிப்புகள்: மாத்திரைகள் பொடித்துக் குழாய் வழியே கொடுக்கப்பட்டன, காலை நாடித்துடிப்பு 50, மனைவி ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தபோது இருமல், இரவு இரண்டு மணிக்கு நோயாளி அழுதுகொண்டிருந்தார். பிசியோதெரபி மாணவரிடம், மூன்று நாளாகப் பத்து மணிப் பயிற்சியின்போது எழுந்து நின்றதும் தலைசுற்றுகிறது என்ற குறிப்பு. உணவியல் மாணவியிடம், வீட்டில் சமைப்பவரும் பார்த்துக்கொள்பவரும் ஒரே ஆள், அவருக்கும் வயது 60க்கு மேல் என்ற விவரம். பார்மசி மாணவரிடம் மருந்தின் தகவல் தாள்.

கேள்வி ஒன்றே ஒன்று: இவரை இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பலாமா?

முதல் ஐந்து நிமிடம் பெரும்பாலும் மருத்துவ மாணவர்தான் பேசுவார். ஸ்கேன் சரியாக இருக்கிறது, அனுப்பலாம் என்பார். ஆசிரியர் இங்கே நாக்கைக் கடித்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். பிசியோதெரபி மாணவர் தலைசுற்றலைச் சொல்வார். பக்கவாதம் வந்தவருக்குத் தலைசுற்றல் சகஜம்தானே என்று அது கடந்துபோகும். நர்சிங் மாணவி நாடி 50 என்று சொன்னால்தான் விஷயம் திரும்பும். மாத்திரையைப் பொடித்ததையும் அவள் சொல்லிவிட்டால் பார்மசி மாணவர் நிமிர்ந்து உட்காருவார். மெதுவாகக் கரையும் மாத்திரையைப் பொடித்தால் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டிய மருந்து ஒரேயடியாக உடம்பில் இறங்கும். நாடியும் இரத்த அழுத்தமும் விழும். பத்து மணிக்கு எழுந்து நிற்கச் சொன்னால் தலை சுற்றாமல் என்ன செய்யும்?

இந்த முடிச்சை ஐவரில் யாரும் தனியாக அவிழ்க்க முடியாது. கேஸை அப்படித்தான் கட்ட வேண்டும். ஒருவர் வாயைத் திறக்காவிட்டால் குழு தோற்க வேண்டும், அது யார் என்பதும் பிறகு தெரிய வேண்டும். பல குழுக்களில் நர்சிங் மாணவி பொடித்த விஷயத்தைச் சொல்லாமலே இருந்துவிடுவாள். ஏன் என்று கேட்டால் இரண்டு பதில்கள் வரும்: ‘அது முக்கியம் என்று தோன்றவில்லை’, ‘நர்ஸ் மேல் தப்பு வருமோ என்று பயந்தேன்’. அன்றைய பாடம் இந்த இரண்டு பதில்களில்தான் இருக்கிறது. அதனால் கேஸுக்கு முப்பது நிமிடம் ஒதுக்கினால், முடிந்ததும் உட்கார்ந்து பேச இன்னொரு முப்பது நிமிடம் ஒதுக்குங்கள். நேரம் போதவில்லை என்று இந்தப் பேச்சைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். கேஸை வெட்டுங்கள், இதை வெட்டாதீர்கள்.

சிமுலேஷன் லேப் இல்லை. பொம்மை நோயாளி வாங்கப் பணமும் இல்லை.

மேலே சொன்னதற்கு வேண்டியது ஐந்து காகிதம், ஒரு மேசை. அடுத்தபடி வேண்டுமானால் மருத்துவமனையே இருக்கிறது. ஒரு காலைப் பொழுது நர்சிங் மாணவியை பார்மசிஸ்ட்டுடனோ பிசியோதெரபிஸ்ட்டுடனோ அனுப்புங்கள். சும்மா வேடிக்கை பார்க்க அனுப்பினால் பயனில்லை. மூன்று கேள்விக்குப் பதில் வாங்கிவரச் சொல்லுங்கள்: நர்ஸிடமிருந்து உங்களுக்கு எந்தத் தகவல் நேரத்துக்கு வருவதில்லை? நர்ஸ் செய்வதில் எது உங்கள் வேலையை எளிதாக்குகிறது? எந்த நேரத்தில் எங்களைக் கூப்பிட்டால் உங்களுக்கு எரிச்சல் வரும்? மூன்றாவது கேள்விக்குத்தான் உண்மையான பதில் கிடைக்கும்.

டாக்டருக்குப் போன் செய்யவே மாணவி நடுங்குகிறாள். தைரியம் வர என்ன செய்ய?

தைரியம் கொடுக்க முடியாது, வாக்கியம் கொடுக்கலாம். அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிகளில் புழங்கிய ஒரு பேச்சு முறையை கைசர் பெர்மனன்டே மருத்துவக் குழுமம் மருத்துவமனைக்கு ஏற்ப மாற்றியது. ‘எஸ்பார்’ என்பார்கள். நான்கு படி: இப்போது என்ன நடக்கிறது, பின்னணி என்ன, என் மதிப்பீடு என்ன, என்ன வேண்டும்.

சாதாரணமாக மாணவி சொல்வது: “டாக்டர், பன்னிரண்டாம் பெட் பேஷன்ட் ஒரு மாதிரி இருக்கிறார், கொஞ்சம் வந்து பார்க்க முடியுமா?”

பழக்கிய பிறகு சொல்வது: “டாக்டர், அறுவை வார்டிலிருந்து பேசுகிறேன், நர்சிங் மூன்றாம் ஆண்டு மாணவி, சிஸ்டர் பக்கத்தில் இருக்கிறார். பன்னிரண்டாம் பெட் நோயாளிக்கு பிபி இறங்குகிறது, நாடி ஏறுகிறது. நேற்றுக் காலை குடல் அறுவை ஆனவர். காலையில் பிபி 128/78, நாடி 84. இப்போது 96/60, நாடி 118. நாலு மணி நேரத்தில் சிறுநீர் 70 மில்லிதான். கை கால் சில்லென்று இருக்கிறது. உள்ளே இரத்தம் கசிகிறதோ என்று சந்தேகப்படுகிறோம். நீங்கள் உடனே வர வேண்டும். வரும்வரை நாங்கள் என்ன செய்யட்டும்?”

இரண்டாவதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது. இதில் மாணவர்கள் தடுக்கி விழுவது மூன்றாவது படியில்தான். எண்களைச் சொல்வார்கள், ‘நான் இப்படி நினைக்கிறேன்’ என்பதை விழுங்கிவிடுவார்கள். நோயைக் கண்டறிந்து சொல்வது டாக்டர் வேலையாயிற்றே என்ற தயக்கம். இது பழைய தயக்கம். லியோனார்டு ஸ்டைன் என்ற மனநல மருத்துவர் 1967இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதை ஒரு விளையாட்டாகவே வர்ணித்தார்: நர்ஸ் யோசனை சொல்ல வேண்டும், ஆனால் அந்த யோசனை டாக்டருக்கே தோன்றியது போல இருக்க வேண்டும். இன்றும் வார்டுகளில் இந்த ஆட்டம் நடக்கிறது. ‘என்ன நோய் என்று தெரியாது, ஆனால் நிலைமை மோசமாகிறது’ என்பதும் ஒரு மதிப்பீடுதான் என்று சொல்லிக்கொடுங்கள். பாதித் தயக்கம் அதிலேயே போய்விடும்.

மறுமுனையிலிருந்து உத்தரவு வந்தால் மருந்தின் பெயர், அளவு, கொடுக்கும் வழி மூன்றையும் திருப்பிச் சொல்லி ‘சரி’ வாங்கிய பிறகே போனை வைக்க வேண்டும். இதையும் மருத்துவ மாணவரை மறுமுனையில் உட்காரவைத்தே பழக்குங்கள். எப்படிக் கேட்பது என்று கற்க வேண்டியவர் அவர்.

சொல்லியும் டாக்டர் காதில் வாங்காவிட்டால்?

2005இல் இங்கிலாந்தில் எலைன் புரோமிலி என்ற பெண்ணுக்கு ஒரு சாதாரண சைனஸ் அறுவைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பிறகு மூச்சுக்குழாயில் குழாய் நுழைக்க முடியாமல் போனது. அனுபவமுள்ள டாக்டர்கள் மீண்டும் மீண்டும் அதையே முயன்றார்கள். ஒரு நர்ஸ் கழுத்து வழியாகத் துளையிடும் கருவிகளைக் கொண்டுவந்து, தயாராக இருக்கிறது என்று சொன்னார். இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்கு ஏற்பாடு செய்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எலைன் சில நாட்களில் இறந்தார். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தும் அதை எப்படிச் சொல்வது என்று நர்ஸ்களுக்குத் தெரியவில்லை என்பதுதான் விசாரணையில் வெளிவந்தது. அவருடைய கணவர் மார்ட்டின் ஒரு விமானி. மருத்துவத்தில் மனிதக் காரணிகளை ஆராயும் அமைப்பொன்றை 2007இல் அவர் தொடங்கினார்.

‘கருவி தயார்’ என்பது தகவல். ‘மூச்சு போகவில்லை, கழுத்தில் துளையிட வேண்டும், இப்போதே’ என்பது கோரிக்கை. மாணவர்களுக்கு இந்த வித்தியாசத்தை வாயால் சொல்லிப் பழக்க வேண்டும். அமெரிக்காவில் 2006இல் வந்த ‘டீம்ஸ்டெப்ஸ்’ பயிற்சித் திட்டம் இதற்குப் படிப்படியான சொற்களைத் தருகிறது. முதலில் ‘எனக்குக் கவலையாக இருக்கிறது’. அடுத்து ‘இது எனக்குச் சரியாகப் படவில்லை’. கடைசியாக ‘நோயாளிக்கு ஆபத்து, நிறுத்துங்கள்’. இரண்டு முறை சொல்லியும் பதில் இல்லை என்றால் மேலே உள்ளவரைக் கூப்பிட வேண்டும். இது மரியாதைக் குறைவு ஆகாது என்று மாணவரிடம் மட்டும் சொன்னால் போதாது. மேலே உள்ள அந்த நபரிடமும் சொல்லி வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் தடவை வாய் திறந்த மாணவி இரண்டாம் தடவை திறக்கமாட்டாள்.

மருத்துவ மாணவர்கள் வருவதே இல்லை. வந்தாலும் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நர்சிங் மாணவர்களுக்கு மதிப்பெண் உண்டு, மருத்துவ மாணவர்களுக்கு விருப்பப் பாடம் என்று வைத்தால் வேறென்ன நடக்கும்? உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் சொன்னது இங்கே அப்படியே பொருந்துகிறது: இரண்டு குழுக்கள் சந்தித்தால் மட்டும் தப்பெண்ணம் குறையாது. சம அந்தஸ்து, பொதுவான குறிக்கோள், ஒத்துழைக்க வேண்டிய தேவை, மேலிடத்தின் ஆதரவு எல்லாம் வேண்டும். ஆக, வருகைப் பதிவும் மதிப்பெண்ணும் இரு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும். குழுத் தலைமை சுழற்சியில் வரட்டும். இரண்டு கல்லூரி முதல்வர்களும் ஒரே சுற்றறிக்கையில் கையெழுத்துப் போடட்டும். இரு கல்லூரிக்கும் பொதுவான நேரம் கிடைக்காத டைம்டேபிள் சிக்கலும் அந்தக் கையெழுத்து இல்லாமல் தீராது. இரண்டு தனி ஆசிரியர்கள் நட்பின் பேரில் நடத்தும் வகுப்பு, அவர்களில் ஒருவர் மாற்றலாகிப் போனதும் நின்றுவிடும்.

மருத்துவக் கல்லூரியே பக்கத்தில் இல்லை என்றால்? பார்மசி, பிசியோதெரபி, சமூகப்பணி மாணவர்களோடு தொடங்குங்கள். டாக்டர் இல்லாமல் கூட்டுக் கற்றல் இல்லை என்ற நினைப்பே கொஞ்சம் விசித்திரமானது.

வார்டில் நடப்பதே வேறு. ரவுண்ட்ஸில் நர்ஸை யாரும் எதுவும் கேட்பதில்லை. வகுப்பில் சொல்லி என்ன பயன்?

நியாயமான கேள்வி. வகுப்பில் ஒரு மணி நேரம் சொன்னதை வார்டில் பார்க்கும் ஐந்து நிமிடம் அழித்துவிடும். ஆகவே கூட்டுக் கற்றலுக்கு அனுப்பும் வார்டைத் தேர்ந்தெடுங்கள். எல்லா வார்டும் மோசமில்லை. குழந்தைகள் பிரிவு, முதியோர் பிரிவு, புனர்வாழ்வுப் பிரிவு, வலி தணிப்புச் சிகிச்சை போன்ற இடங்களில் பல துறையினர் உட்கார்ந்து பேசாமல் வேலையே ஓடாது. அங்கே முதலில் அனுப்புங்கள். ஒழுங்காக நடப்பதை ஒருமுறை பார்த்தவருக்குத்தான் மற்ற இடத்தில் என்ன குறைகிறது என்று தெரியும். மோசமாக நடந்ததைப் பார்த்துவிட்டு வந்தால் அதையும் வகுப்பில் பேசுங்கள், பெயர் சொல்லாமல்.

இப்படிக் கலந்தால் நர்சிங்கின் தனித்தன்மை கரைந்துவிடாதா?

எதிர்மாறாகத்தான் நடக்கும். ‘நர்ஸ் என்ன செய்கிறார்?’ என்று ஒரு பிசியோதெரபி மாணவர் கேட்கும்போது ‘ஊசி போடுவார், பிபி பார்ப்பார்’ என்று மட்டும் சொல்லி நிறுத்த நேர்ந்தால் மாணவிக்கே கூச்சமாக இருக்கும். இருபத்துநாலு மணி நேரமும் பக்கத்தில் இருப்பது நர்ஸ்தான் என்பதும், ராத்திரி இரண்டு மணிக்கு அந்தப் பக்கவாத நோயாளி அழுதது வேறு யாருக்கும் தெரியாது என்பதும், அந்தக் கேள்வி வந்த பிறகுதான் உறைக்கும்.

எப்படி மதிப்பிடுவது?

கேள்வித்தாளில் ‘குழுப்பணியின் நன்மைகளை விவரி’ என்று கேட்காதீர்கள், எல்லாரும் நன்றாக எழுதிவிடுவார்கள். மனப்பான்மையை அளக்க 1999இல் பார்செல், பிளை இருவரும் உருவாக்கிய 19 கேள்விப் படிவம் ஒன்று பரவலாகப் புழங்குகிறது. ஆனால் நல்ல பிள்ளையாகப் பதில் சொல்ல எல்லாருக்கும் தெரியும். நடத்தையைப் பாருங்கள்: தன்னிடம் மட்டும் இருந்த தகவலைச் சொன்னாளா, புரியாததைக் கேட்டாளா, உத்தரவைத் திருப்பிச் சொன்னாளா. மதிப்பெண் போடுபவர் வேறு துறை ஆசிரியராக இருந்தால் இன்னும் நல்லது.

இதனால் நோயாளிக்குப் பலன் என்று நிரூபணம் உண்டா?

ஓரளவு. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2013 தொகுப்பு 15 ஆய்வுகளை எடுத்துக்கொண்டது. ஏழில் நல்ல பலன், நாலில் கலப்பு, நாலில் ஒன்றுமில்லை. பொதுவாக ஒரு முடிவுக்கு வர இது போதாது என்றே அதை எழுதியவர்களும் சொன்னார்கள். அதுவும் பெரும்பாலும் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களைப் பற்றியது. மாணவப் பருவத்தில் கற்றது பல ஆண்டு கழித்து ஒரு நோயாளியைக் காப்பாற்றியது என்று அளந்து காட்டுவது லேசில்லை.

கூட்டுக் கற்றலைப் பற்றியது அல்ல, ஆனால் குழுவாக இயங்குவதைத் தொடுகிற ஒரு சான்று வலுவாக இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புப் பட்டியலை எட்டு மருத்துவமனைகளில் சோதித்த ஆய்வு 2009இல் வெளியானது. சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகவும், இறப்பு 1.5இலிருந்து 0.8 சதவீதமாகவும் குறைந்தன. அந்தப் பட்டியலில் உள்ள 19 அம்சங்களில் ஒன்று, கத்தி வைப்பதற்கு முன் எல்லாரும் தம் பெயரையும் வேலையையும் சொல்லி அறிமுகப்படுத்திக்கொள்வது. எந்த அம்சத்தால் எவ்வளவு பலன் என்று அந்த ஆய்வு பிரித்துச் சொல்லவில்லை.

பருவத்துக்கு இரண்டு மணி நேரம்தான் தருகிறார்கள். எதைச் செய்வது?

முதல் மணி நேரம் ஐந்து காகிதக் கேஸ், அதன் பிறகான பேச்சோடு சேர்த்து. இரண்டாவது மணி நேரம் எஸ்பார் போன் பயிற்சி, ஒவ்வொரு மாணவியும் ஒரு முறையாவது, மறுமுனையில் மருத்துவ மாணவர். கூட்டுக் கற்றல் என்றால் என்ன என்ற பவர்பாயின்ட்டை விட்டுவிடுங்கள், இரண்டு மணி நேரத்தில் அதற்கு இடமில்லை.